51 வயசுல ஒலிம்பிக் பதக்கம்... வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு பிஸ்டல் குறி எப்படி சிக்குது?

குத்துக்கல்வலசையோ, இலஞ்சியோ, மேலகரமோ... தென்காசி பக்கம் எந்த டீக்கடையிலும் காலையில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். 45 வயதைத் தாண்டிய ஒருவர் பேப்பரை எடுப்பார். கண்ணாடி வீட்டில் இருக்கும். பேப்பர் கொஞ்சம் கொஞ்சமாக முகத்தை விட்டு விலகும். கை முழுசா நீண்ட பிறகுதான் எழுத்து பிடிபடும்.

சாளேஸ்வரம், வெள்ளெழுத்து என்று நம்ம ஊரில் சொல்வது இதைத்தான். அந்த நீட்டின கையில் பேப்பருக்குப் பதிலாக ஒரு பிஸ்டல் இருந்தால் என்ன ஆகும்?

கேள்வி சும்மா வந்ததில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கி வீரர் யூசுஃப் டிகெச் ஒரு கையை பேன்ட் பாக்கெட்டில் விட்டபடி சுட்ட போட்டோ உலகம் முழுக்க மீம் ஆனது. 10 மீட்டர் ஏர் பிஸ்டல் கலப்பு இரட்டையரில் அவருக்கும் அவரது ஜோடி ஷெவ்வால் இலாய்டா தர்ஹானுக்கும் வெள்ளி. அதே போட்டியில்தான் மனு பாக்கர் - சரப்ஜோத் சிங் ஜோடி இந்தியாவுக்கு வெண்கலம் வாங்கிக் கொடுத்தது. டிகெச்சுக்கு அப்போது வயது 51. மற்றவர்கள் முகத்தில் விதவிதமான லென்ஸ், மறைப்பு என்று மாட்டியிருக்க, அவர் போட்டிருந்தது நாம் தினமும் போடுவது போன்ற ஒரு கண்ணாடி. சுடும்போது அவர் இரண்டு கண்களையும் திறந்தே வைத்திருந்தார்.

(பாக்கெட்டில் கை விட்டதை 'கெத்து' என்று கொண்டாடினார்கள். உண்மையில் பிஸ்டல் வீரர்கள் நிறைய பேர் உடம்பு ஆடாமல் இருக்க அப்படித்தான் நிற்பார்கள்.)

தமிழ்நாட்டிலும் ஆள் இருக்கிறார்

நடிகர் அஜித்குமார் 2022 ஜூலையில் திருச்சி ரைஃபிள் கிளப்பில் நடந்த மாநில துப்பாக்கி சுடும் போட்டியில் கலந்துகொண்டு அணியாகப் பதக்கங்களைக் குவித்தபோது வயது 51. அவர் கலந்துகொண்டதில் 'மாஸ்டர்' பிரிவுகளும் உண்டு. வயது கூடியவர்களுக்கென்றே தனியாக இருக்கும் பிரிவு அது. அன்றைக்கு ரேஞ்ச் வாசலில் கூடிய கூட்டம் செய்தியானது. 50 வயதுக்கு மேல் பிஸ்டல் பிடிப்பதற்கு முறையான போட்டிப் பிரிவே இருக்கிறது என்பது செய்தியாகவில்லை.

இதைவிடப் பெரிய உதாரணம் உத்தரப்பிரதேசம் பாக்பத் மாவட்டம் ஜோஹ்ரி கிராமத்தின் சந்திரோ தோமர். பேத்தியைப் பயிற்சிக்குக் கூட்டிப்போன இடத்தில், 65 வயதைத் தாண்டிய பிறகு முதல்முறையாக பிஸ்டலைத் தொட்டவர். பிறகு 'ஷூட்டர் தாதி' என்று நாடறிந்த பெயரானார். 2021 ஏப்ரல் 30-ல் கொரோனாவால் இறந்தார். இன்னொரு பக்கம், ஜார்ஜியாவின் நினோ சலுக்வாட்சே 1988 சியோல் ஒலிம்பிக்கில் தங்கம் வென்று, 2024-ல் 55 வயதில் தன் 10-வது ஒலிம்பிக்கில் சுட்டார். அவருடையதும் பிஸ்டல்தான்.

அப்படின்னா வயசான கண்ணுக்கு பிரச்சினையே இல்லையா? இருக்கிறது. ஆனால் நாம் நினைக்கிற இடத்தில் இல்லை.

கண் எதைப் பார்க்கணும்?

பிஸ்டலில் குறி பார்க்க மூன்று விஷயங்கள் ஒரே கோட்டில் வர வேண்டும். கைக்கு மேலே பின்பக்கம் இருக்கும் பள்ளம், அதாவது பேக்சைட். குழல் நுனியில் நிற்கும் சின்ன மேடு, அதாவது ஃபோர்சைட். அதற்கப்புறம் இலக்கு. என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு இந்த வார்த்தைகள் பழக்கம்.

மூன்றும் மூன்று தூரத்தில் இருக்கின்றன. மனிதக் கண்ணால் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பிடிக்க முடியும். 20 வயதில் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் நெகிழ்வாக இருப்பதால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு சட்டென்று தாவும். 40-க்கு மேல் அந்த லென்ஸ் இறுகிப்போகிறது. தாவல் நின்றுவிடுகிறது.

பயிற்சியாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது: ஃபோர்சைட் தெளிவாகத் தெரியணும், இலக்கு மங்கினால் பரவாயில்லை. கேட்க வினோதமாக இருக்கும். கணக்குப் போட்டால் புரியும். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் அட்டையில் '10' வட்டத்தின் விட்டம் வெறும் 11.5 மில்லிமீட்டர். ஏர் பிஸ்டலின் இரண்டு சைட்டுகளுக்கும் நடுவே சுமார் 35 சென்டிமீட்டர் இருக்கும். பள்ளத்துக்குள் ஃபோர்சைட் 1 மில்லிமீட்டர் நகர்ந்து நின்றால், 10 மீட்டர் தள்ளி குண்டு ஏறக்குறைய 28 மில்லிமீட்டர் விலகிவிடும். 10 கிடைக்க வேண்டிய இடத்தில் 7. ஆனால் இரண்டு சைட்டும் சரியாக இருந்து, கை மட்டும் ஒட்டுமொத்தமாக 5 மில்லிமீட்டர் விலகினால்? குண்டும் அதே 5 மில்லிமீட்டர்தான் விலகும். 10-க்கு மோசமில்லை.

அதனால் இலக்கு புகை மாதிரி தெரிந்தாலும் விளையாட்டில் பதக்கம் வாங்கலாம். ஃபோர்சைட் புகைந்தால் வாங்க முடியாது.

படிக்கிற கண்ணாடி ஏன் உதவாது?

நிறைய பேர் முதலில் செய்வது, படிக்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரேஞ்சுக்குப் போவது. +2.5 பவர் கண்ணாடி 40 சென்டிமீட்டரில் இருக்கும் எழுத்துக்குச் செய்தது. ஃபோர்சைட் கண்ணிலிருந்து 80 சென்டிமீட்டர் முதல் 1 மீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே போனால் அதுவும் மங்கல், இலக்கும் சுத்தமாகக் காணாமல் போகும்.

கண் டாக்டர் போடும் கணக்கு எளிதானது. 1-ஐ மீட்டரில் உள்ள தூரத்தால் வகுத்தால் பவர் வரும். 1 மீட்டருக்கு +1, 80 சென்டிமீட்டருக்கு +1.25. இது ஏற்கெனவே தூரப் பார்வைக்கு இருக்கும் பவரோடு கூட்ட வேண்டியது. ஏர் பிஸ்டல் ஆட்கள் பலர் முழு +1-ஐப் போடாமல் +0.5 அல்லது +0.75-ல் நிறுத்திக்கொள்வார்கள். ஃபோர்சைட் போதுமான அளவு தெளியும், இலக்கும் முழுசாகக் கரையாது.

ப்ரோக்ரஸிவ், பைஃபோகல் கண்ணாடி போட்டவர்களுக்கு இன்னொரு தொல்லை. கிட்டப் பார்வைக்கான பகுதி கண்ணாடியின் அடியில் இருப்பதால், சைட்டைப் பார்க்க தாடையை மேலே தூக்க வேண்டியிருக்கும். கழுத்து இறுகும், நிற்கும் நிலை கெடும். சுடுவதற்கென்று ஒரே பவரில் தனிக் கண்ணாடிதான் சரி.

சின்ன ஓட்டை வழியாகப் பார்ப்பதும் ஒரு வழி. கண்ணாடி இல்லாதவர் விரல்களைக் குவித்து இடுக்கு வழியாக பஸ் போர்டு படிப்பதில்லையா, அதே வித்தைதான். போட்டி வீரர்கள் கண்ணாடியில் மாட்டும் 'ஐரிஸ்' இந்த வேலையைத்தான் செய்கிறது. வெளிச்சம் நன்றாக இருந்தால் மட்டும் பலன். இருட்டில் ஐரிஸ் எதிரியாகிவிடும்.

ரெட் டாட் போட்டால் முடிஞ்சுதா?

பிஸ்டல் மேல் சின்னக் கண்ணாடி, அதில் ஒரு சிவப்புப் புள்ளி. பல நாட்டு போலீஸ் இப்போது இதற்கு மாறி வருகிறது. புள்ளி தூரத்தில் இருப்பது போலத் தெரிவதால், இலக்கை மட்டும் பார்த்தால் போதும். வெள்ளெழுத்துக்காரருக்கு உண்மையான நிம்மதி. ஒலிம்பிக் பிஸ்டலில் அனுமதி கிடையாது. அஸ்டிக்மேடிசம் இருப்பவர்களுக்குப் புள்ளி வட்டமாகத் தெரியாமல், வால் முளைத்த நட்சத்திரம் மாதிரி சிதறித் தெரியும்.

புரை விழுந்திருந்தால் கதை வேறு. விளக்கு வெளிச்சம் சிதறும், நிறம் மங்கும், எந்தப் பவரும் தீர்க்காது. ஆபரேஷனில் வைக்கும் சாதாரண லென்ஸ் ஒரே ஒரு தூரத்துக்குத்தான் தெளிவு தரும். அதனால் எந்தத் தூரம் வேண்டும் என்பதை ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் பேசிவிட வேண்டும்.

அட்டைப் பலகை வேறு, தெரு வேறு

இதுவரை சொன்னது எல்லாம் விளையாட்டு. ஒரு நிமிடம் இடுப்பில் பிஸ்டலோடு ராத்திரி ரோந்து போகும் காவல் அதிகாரியை நினைத்துப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 58-ல் இருந்து 2020-ல் 59 ஆனது, 2021-ல் 60 ஆனது. ஃபோர்சைட் கண்ணுக்கு ஒட்டாத வயதில் கைத்துப்பாக்கியோடு பணியில் இருக்கும் காலம் அந்த அளவுக்கு நீண்டிருக்கிறது. ரேஞ்சில் 'இலக்கு மங்கினால் பரவாயில்லை' என்ற பாடம் இங்கே செல்லாது. எதிரே நிற்பவன் கையில் இருப்பது அரிவாளா, செல்போனா என்று தெரிந்த பிறகுதான் பிஸ்டலைத் தூக்கலாமா என்ற கேள்வியே வரும். அதற்குத் தூரப் பார்வை வேண்டும். தூக்கிவிட்டால் ஃபோர்சைட் தெரிய வேண்டும். இரண்டும் ஒரே நொடியில், பெரும்பாலும் இருட்டில். இருட்டில் கண்பாவை விரிவதால் மங்கல் இன்னும் கூடும். வயதான கண்ணுக்குள் போகும் வெளிச்சமும் குறைவு.

சுவரில் தொங்கும் எழுத்துப் பலகையை வாசிக்கச் சொல்லும் வழக்கமான கண் பரிசோதனை தூரப் பார்வையை அளக்கும். கையில் கொடுக்கும் அட்டை கிட்டப் பார்வையை அளக்கும. இரண்டுக்கும் நடுவில் உள்ள ஒரு கை தூரத்தை, கேட்டால் ஒழிய, யாரும் அளப்பதில்லை. மணிமுத்தாறு பட்டாலியனாக இருந்தாலும் சென்னையாக இருந்தாலும், 45 தாண்டிய ஆயுதக் காவலர்களுக்கு அந்த ஒரு அளவைச் சேர்ப்பது பெரிய செலவில்லை.

லைசென்ஸ் வைத்திருக்கும் பொதுமக்கள் பக்கமும் ஒன்று உண்டு. 2019-ல் ஆயுதச் சட்டத்தில் வந்த திருத்தம், லைசென்ஸ் காலத்தை 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக்கியது. 45-லிருந்து 60 வயதுக்குள் படிக்கிற பவர் பல முறை மாறிவிடும். 50 வயதில் புதுப்பித்தவர் மறுபடி அலுவலகப் படி ஏறும்போது 55. நடுவில் கண் என்ன ஆனது என்று பார்க்க வேண்டிய பொறுப்பு அவருடையது மட்டும்.

டாக்டரிடம் என்ன சொல்லணும்?

துப்பாக்கியைக் கையோடு கொண்டுபோக வேண்டாம். ரேஞ்சில், குண்டு இல்லாத பிஸ்டலை வழக்கமாகப் பிடிக்கிற மாதிரி பிடித்து, கண்ணிலிருந்து ஃபோர்சைட் வரை எத்தனை சென்டிமீட்டர் என்று இன்னொருவரை டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஒரு கையால் சுடுபவருக்கும் இரண்டு கையால் பிடிப்பவருக்கும் அந்த எண் வேறாக வரும். அதை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போய், "இந்தத் தூரம் தெளிவா தெரியணும், குறி பார்க்கிறது வலது கண்ணு" என்று சொன்னால் போதும். குறி பார்க்கும் கண்ணுக்கு மட்டும் இந்தப் பவர், மற்றக் கண்ணுக்குத் தூரப் பார்வைக்கான பவர் என்றும் கேட்கலாம். பழக நாலைந்து நாள் ஆகும். அந்தக் கண்ணாடியோடு வண்டி ஓட்ட வேண்டாம்.