கர்ப்ப காலத்தில் எத்தனை கிலோ கூடலாம்? எல்லோருக்கும் ஒரே கணக்கு ஏன் சரிவராது?

"இனிமே ரெண்டு உயிருக்குச் சேர்த்துச் சாப்பிடணும்." கர்ப்பம் உறுதியானதும் வீட்டில் எல்லோரும் சொல்வது இதைத்தான். கூடவே, "10, 12 கிலோ ஏறணும்" என்று ஒரு கணக்கும் வரும். ஆனால், 42 கிலோவில் கர்ப்பமான பெண்ணுக்கும் 80 கிலோவில் கர்ப்பமான பெண்ணுக்கும் அந்த ஒரே கணக்கு எப்படிப் பொருந்தும்?

தொடக்க எடைதான் முக்கியம்

மருத்துவர்கள் முதலில் பார்ப்பது, கர்ப்பத்துக்கு முன்பிருந்த பி.எம்.ஐ. அதாவது, உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்பதை. அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2009-ல் வெளியிட்ட அளவுகள்தான் பல நாடுகளில் புழக்கத்தில் உள்ளன. அதன்படி, பி.எம்.ஐ 18.5-க்குக் கீழ் இருந்தால் 12.5 முதல் 18 கிலோ வரை கூடலாம். 24.9 வரை என்றால் 11.5 முதல் 16 கிலோ. 25 முதல் 29.9 வரை என்றால் 7 முதல் 11.5 கிலோ. 30-ஐத் தாண்டினால் 5 முதல் 9 கிலோ போதும். வயிற்றில் ஒரு குழந்தை இருப்பவர்களுக்கான கணக்கு இது. இரட்டையர் என்றால் வேறு.

இதில் நமக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. 155 செ.மீ உயரம், 58 கிலோ எடையுள்ள பெண்ணின் பி.எம்.ஐ 24. அமெரிக்கக் கணக்கில் இது சரியான எடை. இந்தியர்களுக்கோ 23-ஐத் தாண்டினாலே அதிக எடை என்கிறார்கள் நம் மருத்துவர்கள். குறைந்த எடையிலேயே நமக்குச் சர்க்கரை நோய் வந்துவிடுவதுதான் காரணம். அதனால், அட்டவணையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் தனக்கான இலக்கைக் கேட்டுக்கொள்வதே நல்லது.

தமிழ்நாட்டு நிலவரம்

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4% பேர் பி.எம்.ஐ 25 அல்லது அதற்கு மேல் உள்ளவர்கள். எடை குறைந்தவர்கள் 12.6% பேர்தான். அதே ஆய்வில், கர்ப்பிணிகளில் 48.3% பேருக்கு ரத்தசோகை. உடம்பு பூசினாற்போல் இருந்தால் சத்தும் இருக்கும் என்று நம்புவதற்கில்லை. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் தரும் ஊட்டச்சத்துப் பெட்டகம் ஒல்லியானவருக்கும் பருமனானவருக்கும் ஒன்றுதான். இரும்புச்சத்து இருவருக்குமே தேவை. ஆனால், அதில் உள்ள நெய்யை யார் எவ்வளவு சாப்பிடலாம் என்பதைத் தனித்தனியாகத்தான் சொல்ல வேண்டும்.

அப்போ எவ்வளவு சாப்பிடுவது?

முதல் மூன்று மாதங்களில் ஒன்றிரண்டு கிலோ கூடினாலே போதும். வாந்தியால் கொஞ்சம் குறைவதும் உண்டு. அதன்பிறகு, ஒரு நாளைக்குக் கூடுதலாக சுமார் 350 கலோரி தேவை என்கிறது ஐ.சி.எம்.ஆர். ரெண்டு இட்லி, சாம்பார், ஒரு டம்ளர் பால்... கிட்டத்தட்ட அவ்வளவுதான்! இன்னொரு ஆளின் சாப்பாடு தேவையில்லை. அதற்காக, எடை அதிகம் என்று பட்டினி கிடப்பதும் டயட் இருப்பதும் கூடவே கூடாது.

12 வாரத்துக்குள் பதிவு செய்து, அன்றே எடையையும் உயரத்தையும் குறித்துக்கொண்டால்தான் பிறகு கூடுவது சரியா என்று கணக்குப் பார்க்க முடியும். 20 வாரங்களுக்குப் பிறகு எடை திடீரென ஏறி, முகமோ கையோ வீங்கினால், அடுத்த செக்கப் வரை காத்திருக்கக் கூடாது. தலைவலி, பார்வை மங்கல் இருந்தாலும் அப்படித்தான். அன்றைக்கே ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட வேண்டும்.