படகு நிற்கும் இடம் யார் பொறுப்பு? உள்நாட்டு நீர்வழிகளில் தொடரும் குழப்பம்

புது தில்லி: உள்நாட்டு நீர்வழிகளைப் பற்றித் தலைநகரில் பேச்செழும்போதெல்லாம் கிலோமீட்டர் கணக்குதான் முதலில் வருகிறது. தேசிய நீர்வழிகள் 111. மொத்த நீளம் 20 ஆயிரம் கி.மீ.க்கும் அதிகம். ஆனால், ஆற்றிலோ கால்வாயிலோ இரண்டு நாள் பயணம் திட்டமிடும் படகோட்டிக்கு இந்தக் கணக்கால் பெரிய பயன் இல்லை. பொழுது சாயும்போது படகை எங்கே கட்டுவது, அங்கே ஆழம் எவ்வளவு, கரை யாருடையது, அனுமதி தர வேண்டியவர் யார் என்பவையே அவர் அறிய வேண்டியவை. இவை அனைத்துக்கும் விடை சொல்லும் ஒரே அலுவலகம் எதுவுமில்லை.

2023 ஜனவரி 13-ல் வாராணசியில் பிரதமர் நரேந்திர மோடி தொடங்கிவைத்த 'கங்கா விலாஸ்' சொகுசுக் கப்பலின் பயணம் இதற்கு நல்ல உதாரணம். வங்கதேசம் வழியாக அசாமின் திப்ரூகர் வரை 51 நாள்களில் சுமார் 3,200 கி.மீ. செல்வது திட்டம். புறப்பட்ட சில நாள்களிலேயே பிகாரின் சாப்ரா அருகே கப்பல் தரைதட்டி நின்றதாகச் செய்தி பரவியது. உள்நாட்டு நீர்வழிகள் ஆணையம் அதை மறுத்தது. கப்பல் திட்டமிட்டபடியே பாட்னாவை அடைந்ததாக விளக்கியது. சிராந்த் தொல்லியல் களத்தைக் காண விரும்பிய பயணிகள் சிறு படகுகளில் கரைக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். கப்பல் சிக்கியதா இல்லையா என்ற சர்ச்சையில், கரையை நெருங்க அதற்கு ஏன் ஒரு துறை இல்லை என்ற கேள்வி அடிபட்டுப் போனது.

நீர்வழிகளில் கிடைக்கும் குறைந்தபட்ச ஆழத்தை ஆணையம் அவ்வப்போது வெளியிட்டு வருகிறது. அது கப்பல் செல்லும் ஓட்டப்பாதையின் ஆழம். படகைக் கட்டவேண்டிய கரையோரத்தில் நிலைமை வேறு. பிரம்மபுத்திராவிலோ ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் மணல்திட்டுகள் இடம் மாறுகின்றன. சென்ற பருவத்தில் நங்கூரமிட்ட இடம் இந்தப் பருவத்தில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

குழப்பத்தின் வேர் அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் இருக்கிறது. தேசிய நீர்வழி என நாடாளுமன்றம் அறிவித்தவற்றில் இயந்திரப் படகுப் போக்குவரத்து மத்தியப் பட்டியலில் வருகிறது. மற்ற நீர்வழிகளில் அது பொதுப் பட்டியலைச் சேர்ந்தது. கரை நிலமோ மாநிலத்துடையது; பல ஊர்களில் படித்துறை உள்ளாட்சியின் வசம். 1917-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த உள்நாட்டுக் கலங்கள் மசோதா 2021 ஜூலை 29-ல் மக்களவையில் அமளிக்கிடையே நிறைவேறியது. ஒரு மாநிலத்தில் பதிவான கலம் நாடெங்கும் செல்லலாம் என்பது அதன் பெரிய நன்மை. பதிவு, தகுதிச் சான்று, பணியாளர், காப்பீடு எனக் கலத்தைப் பற்றி விரிவாகப் பேசும் அச்சட்டம், அந்தக் கலம் நிற்கும் துறையைப் பற்றி அவ்வளவு பேசவில்லை. அன்று அவையில் முறையான விவாதம் நடந்திருந்தால் ஓர் உறுப்பினராவது இதைக் கேட்டிருக்கக்கூடும்.

ஓரளவு நடைமுறை உருவாகியிருப்பது கேரளத்தில்தான். ஆலப்புழையின் படகுவீடுகள் நண்பகலில் பயணிகளை ஏற்றி, மாலை 5.30 மணியளவில் கரையோரம் கட்டப்பட்டு, மறுநாள் காலைதான் மீண்டும் புறப்படுகின்றன. இரவில் காயல் மீனவர்களின் வலைகளுக்கு உரியது. இதை அறியாமல் வரும் வெளிமாநிலப் பயணிகள், இரவு முழுவதும் படகு ஓடும் என எண்ணி ஏமாறுவதும் உண்டு. உப்புநீர் வயலில் ஏறாமலிருக்கக் கோடையில் தண்ணீர்முக்கம் தடுப்பணை மூடப்படுவதால் வேம்பநாட்டுக் காயலில் நீரோட்டம் தடைபடும். அக்காலத்தில் நூற்றுக்கணக்கான படகுவீடுகள் ஒரே பகுதியில் கட்டப்பட்டால் கழிவுநீர் எங்கே போகும் என்பது குட்டநாட்டு விவசாயிக்கும் மீனவருக்கும் வாழ்வாதாரப் பிரச்னை.

அதே கேரளத்தில்தான் 2023 மே 7-ல் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிய அக்கலம் அளவுக்கு மீறிய ஆள்களுடன், பொழுது சாய்ந்த நேரத்தில் ஓடியது. ஆந்திரத்தில் 2019 செப்டம்பர் 15-ல் பாபிகொண்டலு மலைகளைக் காணச் சென்ற படகு கச்சுலூரு அருகே மூழ்கியபோது கோதாவரியில் வெள்ளம் பெருகியிருந்தது. நடு ஆற்றில் எந்த அதிகாரியும் படகை நிறுத்திச் சோதிக்க முடியாது. ஆள்களை எண்ணுவதும், உயிர்காப்பு அங்கியைச் சரிபார்ப்பதும், வெள்ளமோ இருட்டோ என்றால் கயிற்றை அவிழ்க்க விடாமல் தடுப்பதும் துறையில் மட்டுமே இயலும். எனவே துறைக்குப் பொறுப்பாளர் இல்லாதபோது சட்டம் கரையிலேயே நின்றுவிடுகிறது.

தமிழகத்துக்கும் இதில் பங்குண்டு. 2008-ல் அறிவிக்கப்பட்ட தேசிய நீர்வழி-4, பக்கிங்காம் கால்வாய் வழியாகப் புதுச்சேரி வரை வருகிறது. சென்னை நகருக்குள் அக்கால்வாயில் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் வைகையும் இடம்பெற்றுள்ளது. அங்கே படகு கட்டும் இடத்தைத் தேடுவதற்கு முன் தண்ணீரைத் தேட வேண்டும்.

நதிச் சுற்றுலாவுக்கு 2047-க்குள் ரூ.45 ஆயிரம் கோடி முதலீடு என்ற இலக்கு 2024 ஜனவரியில் கொல்கத்தாவில் கூடிய உள்நாட்டு நீர்வழிகள் மேம்பாட்டுக் கவுன்சில் கூட்டத்தில் அறிவிக்கப்பட்டது. தேசிய நீர்வழிகளில் ஆணையத்தின் தடையின்மைச் சான்றுடன் தனியாரும் ஜெட்டி அமைக்க 2025-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகள் வழிவகுத்துள்ளன. முதலீட்டாளருக்குக் கதவு திறந்தாகிவிட்டது. ஆனால், இதே கரைகளில் தலைமுறைகளாகத் துடுப்புப் படகு கட்டிவரும் ஓடக்காரருக்கும் மீனவருக்கும் புதிய ஜெட்டிகளின் அருகே இடம் ஒதுக்கப்படுமா, அங்கே ஆள்களை எண்ணும் பொறுப்பு ஜெட்டி உரிமையாளருடையதா, மாநிலத் துறைமுக அதிகாரியுடையதா என்பதை மத்திய கப்பல் துறையும் மாநிலங்களும் பேசித் தீர்க்க வேண்டியுள்ளது.