நெத்துத் தேங்காயும் பிரிக் கேமும்

ரொம்ப நாளா மனசுல ஓடிட்டு இருந்த மேட்டர் இது. கொஞ்சம் நீளம். ஒரு டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

நம்ம ஊர்ப்பக்கம் ஒரு பொருளை மட்டம் தட்டணும்னா சொல்ற வார்த்தை ஒண்ணு இருக்கு: "தீபத்துக் கடை சரக்கு". திருவண்ணாமலை தீபத் திருவிழாவுல தேரடி வீதி ஓரமா தார்ப்பாய் விரிச்சு விக்கிற சாமான்னு அர்த்தம். ரெண்டு நாள்ல புட்டுக்கும், காசு தண்டம், இப்படி. இருக்கட்டும். ஆனா அந்தக் கடையில வித்த ரெண்டு சாமானுக்காக நான் இன்னைக்கு வக்காலத்து வாங்கப் போறேன். ஒண்ணு, தண்ணிக்குள்ள வளையம் போடுற பொம்மை. இன்னொண்ணு, "9999 இன் 1"னு எழுதி வித்த பிரிக் கேம்.

என் கட்சி சிம்பிள். இந்த ரெண்டும் மட்ட சரக்கு இல்ல. கையடக்க விளையாட்டுச் சாதனங்கள்ல ஜப்பான்காரன் கண்டுபிடிச்ச ரொம்ப புத்திசாலித்தனமான ஒரு யோசனையோட வாரிசுங்க. அதைப் புரிஞ்சிக்காம எடைக்குப் போட்டுட்டு, இப்ப குழந்தைங்க கையில செல்போனைக் கொடுத்துட்டுப் புலம்பிட்டு இருக்கோம்.

முதல்ல அந்த யோசனை என்னன்னு பாத்துடலாம்.

கும்பெய் யோகோய்னு ஒருத்தர். 1965-ல நிண்டெண்டோ கம்பெனியில சேர்ந்தார். பெரிய விஞ்ஞானி வேலைக்கெல்லாம் இல்ல. அப்ப நிண்டெண்டோ சீட்டுக்கட்டு தயாரிச்சிட்டு இருந்தது. அந்த மிஷின்களைப் பராமரிக்கிற வேலை. சும்மா இருந்த நேரத்துல கத்திரிக்கோல் மாதிரி நீளுற ஒரு கை பண்ணி விளையாடிட்டு இருந்தார். முதலாளி அதைப் பாத்துட்டு திட்டலை, இதையே பொம்மையா பண்ணுன்னுட்டார். 1966-ல அது 'அல்ட்ரா ஹேண்ட்'ங்கிற பேர்ல வந்து சக்கைப்போடு போட்டது.

அப்புறம் ஒரு நாள் புல்லட் ரயில்ல போகும்போது, ஆபீஸ்காரர் ஒருத்தர் பொழுது போகாம கால்குலேட்டர் பட்டனை அமுக்கி அமுக்கி விளையாடிட்டு இருந்ததைப் பாத்தார். அதுதான் பொறி. ஷார்ப்புக்கும் கேசியோவுக்கும் நடந்த விலைச் சண்டையில கால்குலேட்டர் திரையும் சிப்பும் அடிமாட்டு விலைக்கு வந்திருந்த நேரம் அது. அந்தப் பழைய சாமானை வச்சே 1980-ல 'கேம் அண்ட் வாட்ச்' வந்தது. ஒரு பெட்டியில ஒரே ஒரு கேம், கூட ஒரு கடிகாரம். அவ்வளவுதான். மொத்தம் 4 கோடிக்கு மேல வித்தது. 1982-ல வந்த 'டான்கி காங்' பெட்டியில இடது கட்டை விரலுக்கு ஒரு கூட்டல் குறி பட்டன் வச்சாங்க. இன்னைக்கு உலகத்துல இருக்கிற அத்தனை கேம் ரிமோட்லயும் இருக்கிறது அந்தப் பட்டனோட சந்ததிதான்.

யோகோய் தன்னோட கொள்கைக்கு ஒரு பேர் வச்சிருந்தார். ஜப்பானிய மொழியில 'கரேத்த கிஜுத்சு நோ சுய்ஹேய் ஷிகோ'. இதை இங்கிலீஷ்ல மொழிபெயர்த்தவங்க "வாடிப்போன தொழில்நுட்பம்"னு ஆக்கிட்டாங்க. கேக்க என்னமோ செத்துப்போன சமாச்சாரம் மாதிரி இருக்கு. நம்ம தமிழ்ல இதுக்கு அச்சு அசலா ஒரு வார்த்தை இருக்குங்க: நெத்து. தேங்காய் மரத்துலயே முத்திக் காய்ஞ்சா நெத்து. குலுக்கினா தண்ணி சத்தம் கேக்கும். பாக்க வத்தலா இருக்கும். ஆனா நாத்துக்குப் போடணும்னா இளநியைப் போட முடியாது, நெத்தைத்தான் போடணும். தொழில்நுட்பமும் அப்படித்தான். புதுசா வர்றப்ப விலை அதிகம், கோளாறும் அதிகம். நாலு வருஷம் எல்லார் கையிலயும் அடிபட்டு, விலை இறங்கி, எங்கே உடையும் எங்கே உடையாதுன்னு தெரிஞ்ச பிறகு அதை எடுத்து யாரும் நினைக்காத வேற வேலைக்கு போடு. இவ்வளவுதான் தத்துவம்.

நம்ம ஆளுங்களுக்கு இது புதுசா என்ன? டிவிஎஸ் 50-ஐ பண்ணினவங்க அதுல மல்லாட்டை மூட்டை மூணு, பால் கேன் ரெண்டு, பின்னாடி பொண்டாட்டின்னு ஏத்துவோம்னு கனவுலயாவது நினைச்சிருப்பாங்களா? கீழ்பென்னாத்தூர் ரோட்டுல தினம் நடக்குது.

1989-ல வந்த 'கேம் பாய்' இந்தத் தத்துவத்தோட உச்சம். அதே சமயத்துல போட்டிக்கு வந்த அடாரி லிங்க்ஸ், அடுத்த வருஷம் வந்த சேகா கேம் கியர் ரெண்டுக்கும் கலர் திரை, உள்ளேயே வெளிச்சம். கேம் பாய்க்கு பச்சையும் கருப்புமா நாலே ஷேடு, வெளிச்சமும் கிடையாது. யாரு ஜெயிச்சா? கேம் கியர் ஆறு பேட்டரியை மூணுலேர்ந்து அஞ்சு மணி நேரத்துல தின்னு தீர்த்துடும். கேம் பாய் நாலு பேட்டரியில அதைப்போல பல மடங்கு ஓடும். கீழ போட்டாலும் உடையாது. பின்னாடி வந்த கலர் மாடலோட சேர்த்து 11 கோடிக்கு மேல வித்தது.

அதுல சொருகுறதுக்குன்னு வந்த துணைச் சாமான்களைக் கேட்டா சிரிப்பீங்க. 1998-ல பாண்டாய் கம்பெனி 'பாக்கெட் சோனார்'னு ஒண்ணு விட்டது. கேம் பாய்ல சொருகி மிதவையைத் தண்ணியில போட்டா அடியில மீன் இருக்கான்னு காட்டும். ஏரி கோடி போற நாள்ல இது நம்ம பசங்க கையில கிடைச்சிருந்தா :-). அதே வருஷம் வந்தது பாக்கெட் கேமரா. 128-க்கு 112 புள்ளிதான் படம், அதுவும் கருப்பு வெள்ளை. கூடவே பில் போடுற மிஷின் பேப்பர் மாதிரி வெப்பக் காகிதத்துல அச்சடிச்சுத் தர்ற குட்டி பிரிண்டர். 2000-ஐ ஒட்டி கேம் பாயை வயர் போட்டு இணைச்சா பூ டிசைன், எழுத்தெல்லாம் தைக்கிற தையல் மிஷின் வந்தது. நிஜமாங்க! 2003-ல கொனாமி விட்ட ஒரு கேம்ல கார்ட்ரிட்ஜ்லயே வெயில் உணர்ற சென்சார். பேயைக் கொல்லணும்னா வெளிய போய் நிஜ வெயில்ல நிக்கணும். வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத நம்ம ஜில்லாவுக்குன்னே பண்ணின மாதிரி இல்ல?

எபோக் கம்பெனியோட 'பார்கோடு பேட்லர்' 1991-ல வந்தது. பிஸ்கட் பாக்கெட்ல இருக்கிற பார்கோடை வெட்டி அதுல இழுத்தா, அந்த நம்பர்லேர்ந்து ஒரு வீரன் பிறப்பான். சண்டை போடலாம். யோகோய் நிண்டெண்டோவை விட்டு வெளிய வந்த பிறகு கை வச்ச 'ஒண்டர்ஸ்வான்' 1999-ல வந்தது. விலை 4,800 யென். ஒரே ஒரு பென்டார்ச் பேட்டரி, அதுல முப்பது மணி நேரம் ஓடும். படுக்க வச்சும் ஆடலாம், நிமித்தி வச்சும் ஆடலாம். பாவம், அதைப் பாக்க அவர் இல்ல. 1997 அக்டோபர்ல ஒரு சாலை விபத்துல போயிட்டார்.

இப்ப நம்ம தீபத்துக் கடைக்கு வருவோம்.

தண்ணிக்குள்ள வளையம் போடுற பொம்மையை 1970-கள்ல பிரபலமாக்கினது ஜப்பானோட டோமி கம்பெனி. பேட்டரி கிடையாது, சிப் கிடையாது. பட்டனை அமுக்கினா தண்ணி பீச்சும், வளையம் மிதந்து போய் கொம்புல மாட்டும். புவியீர்ப்பும் தண்ணியோட இழுவையும்தான் அதோட சாஃப்ட்வேர். எந்த அப்டேட்டும் கேக்காது.

பிரிக் கேம் விஷயம் இன்னும் சுவாரசியம். பத்துக்கு இருபதுன்னு இருநூறு கட்டம், ஓரத்துல அடுத்து வர்ற கட்டையைக் காட்ட ஒரு குட்டிக் கட்டம். உள்ள ஒரு 4 பிட் சிப். அந்த இருநூறு கட்டத்துலயே டெட்ரிஸ், பாம்பு, கார் ரேஸ், டேங்கி சண்டை, தவளை ரோடு தாண்டுறது எல்லாம். 9999 கேம்ங்கிறது கப்ஸாதான். ஒவ்வொரு கேமோட வேகத்தையும் லெவலையும் பெருக்கி விட்ட கணக்கு அது. ஆனா கால்குலேட்டர் திரையை வச்சு ஒரு கேமுக்கு பதிலா பத்துப் பதினஞ்சு கேம் ஓட்டினதை என்னன்னு சொல்றது? யோகோய் பாத்திருந்தா கை கொடுத்திருப்பார்னுதான் நான் நினைக்கிறேன்.

2012-ஐ ஞாபகப்படுத்திக்கோங்க. சென்னைக்கு வெளிய ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல கரண்ட் இல்லாத காலம். டிவி செத்துக் கிடக்கும், கம்ப்யூட்டர் செத்துக் கிடக்கும். ரெண்டு பென்டார்ச் பேட்டரியில எங்க தெருவுல பிரிக் கேம் மட்டும் உயிரோட இருந்தது. பகல்ல திண்ணையில உக்காந்து வெளிச்சத்துல ஆடலாம். ஒருத்தன் அவுட் ஆனா அடுத்தவன் கைக்குப் போகும். ஒரு பெட்டி, ஆறு பசங்க, வரிசை. ஹைஸ்கோர் போட்டவன் அன்னைக்கு ஹீரோ.

சென்னையில இருக்கிற நண்பர் ஒருத்தர்கிட்ட இதைச் சொன்னா, "அது சைனா டூப்ளிகேட்டுப்பா, திருட்டு டெட்ரிஸ்"னு சொல்றார். வாஸ்தவம். அந்தப் பெட்டி பண்ணினவங்க யாரும் டெட்ரிஸுக்கு உரிமை வாங்கலை. அதை நான் நியாயப்படுத்தலை. ஆனா அந்த கேமைக் கண்டுபிடிச்ச ரஷ்யாக்காரர் அலெக்ஸி பஜித்னோவ், லைசென்ஸ் வாங்கி வித்த கேம் பாய் காலத்துலயும் ராயல்டி பாக்கலை. அவர் கைக்கு ஒழுங்கா காசு வர ஆரம்பிச்சது 1996-க்கு அப்புறம்தான். ஆக, ஒரிஜினல்னா உழைச்சவனுக்கு காசு போச்சு, டூப்ளிகேட்னா போகலைன்னு கோடு போட்டுப் பிரிக்க முடியாது.

இன்னொரு ஆட்சேபணையும் நியாயமானது. பழைய தொழில்நுட்பம்னா எல்லாமே நல்லதாயிடுமா? ஆகாது. இதே யோகோய் 1995-ல 'வர்சுவல் பாய்'னு ஒண்ணு விட்டார். விலை குறையணும்னு சிவப்பு விளக்கு மட்டும் வச்ச முப்பரிமாணப் பெட்டி. கண்ணு வலி, கழுத்து வலின்னு ஒரே புகார். ஒரு வருஷம்கூட ஜப்பான்ல தாக்குப்பிடிக்கலை. மலிவா இருந்தா மட்டும் போதாது, அந்த மலிவை எங்க பொருத்துறோம்ங்கிறதுலதான் விஷயம். நெத்தை நட்டா மரம். நெத்தை வச்சு சட்னி அரைச்சா?

சரி, இதெல்லாம் எதுக்கு இப்ப? காரணம் இருக்கு.

போன வாரம் தங்கச்சி பையன், ஏழு வயசு, செல்போன்ல ஒரு கேம் ஆடறதைப் பக்கத்துல உக்காந்து கவனிச்சேன். ரெண்டு நிமிஷம் ஆட்டம், அரை நிமிஷம் விளம்பரம். தோத்தா "விளம்பரம் பாத்தா இன்னொரு உயிர்". ஜெயிச்சா "நாளைக்கும் வந்தா பரிசு". முடியவே முடியாது, முடியக்கூடாதுன்னே பண்ணினது. பிரிக் கேம்ல கட்டை மேல முட்டினா ஆட்டம் க்ளோஸ். ஒரு சோக ராகம் பாடும், அவ்வளவுதான். போய் சாப்பிடுடான்னா போவான். முடியற பொம்மைக்கும் முடியாத பொம்மைக்கும் இருக்கிற வித்தியாசம் இதுதான், இதுதான் என்னோட மொத்த வாதமும். குழந்தைக்கு கேம் வேண்டாம்னு நான் சொல்லலை. முடியற கேமா கொடுங்கன்னு சொல்றேன்.

ஜப்பான்ல நிண்டெண்டோ தன்னோட பழைய உஜி தொழிற்சாலையையே மியூசியமாக்கி 2024 அக்டோபர்ல திறந்துட்டாங்க. நம்ம வீட்டுப் பரண்ல கிடந்த பிரிக் கேம் எல்லாம் பழைய இரும்பு ஈயம் பித்தாளைக்கு பேரீச்சம்பழம்னு போயிடுச்சு. பேரீச்சம்பழம்கூட வரலை, எடைக்குத்தான் போச்சு. நம்ம தெருப் பசங்க எதை வச்சு விளையாடினாங்கன்னு நாளைக்கு ஒருத்தன் கேட்டா காட்ட ஒரு பெட்டியாவது வேணாமா?

உங்க பரண்ல ஒண்ணு மிச்சம் இருந்தா இதைப் பண்ணுங்க:

1. முதல் வேலை, பேட்டரியைக் கழட்டுங்க. உள்ளேயே ஒழுகி ஸ்பிரிங்கை அரிச்சிருக்கும். ஒழுகினது ஆல்கலைன் பேட்டரின்னா, பஞ்சுல ரெண்டு சொட்டு வினிகர் தொட்டுத் துடைச்சா வெள்ளைப் பூஞ்சை மாதிரி இருக்கிறது போயிடும். அப்புறம் நல்லா காய விடுங்க.

2. பட்டன் வேலை செய்யலைன்னா திருகைக் கழட்டி, பட்டனுக்கு நேர் கீழ போர்டுல இருக்கிற கருப்புப் பூச்சை மெதுவாத் துடைங்க. பாதி நேரம் அழுக்குதான் காரணம்.

3. திரையில ஒரு வரிசை மட்டும் காணோம்னா திரை செத்துடுச்சுன்னு முடிவு கட்டாதீங்க. நிறைய பெட்டியில திரையையும் போர்டையும் இணைக்க கோடு கோடா ஒரு ரப்பர் பட்டை இருக்கும். அதைத் துடைச்சு சரியா உக்கார வச்சாலே உயிர் வந்துடும்.

4. பட்டன் பேட்டரி போடுற பொம்மைன்னா மூடி திருகு போட்டு இறுக்கமா இருக்கான்னு பாருங்க. சின்னக் குழந்தை அதை முழுங்கினா உணவுக்குழாய் வெந்துடும், உயிருக்கே ஆபத்து. இதுல விளையாட்டு வேண்டாம். முழுங்கினதா சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

இந்த வருஷம் தீபத்துக்கு அண்ணாமலை போறவங்க கூட்டத்துல குழந்தையோட கையையும் செல்போனையும் கெட்டியாப் பிடிச்சுக்கோங்க. வர்ற வழியில தார்ப்பாய்க் கடை தென்பட்டா ஒரு நிமிஷம் நின்னு பாருங்க. தண்ணி வளையம் கண்ணுல பட்டா பேரம் பேசாம வாங்கிக் கொடுங்க.

டிஸ்கி: வீட்டம்மா கேட்ட கேள்வி, "உங்க அலமாரியில கிடக்கிற நாலு பெட்டியும் குழந்தைக்கா, உங்களுக்கா?" அது ஆராய்ச்சிக்குங்க :-)