மூட்டை கட்டியவருக்குத்தான் பொறுப்பு!

லினக்ஸில் ஒரு மென்பொருளை இறக்கி நிறுவப் போனால், "இந்த லைப்ரரி இல்லை, அந்தப் பதிப்பு பழசு" என்று திரை நிறையப் பிழைச்செய்தி வரும். தேடிப்பிடித்துப் போட்டால் அது இன்னொன்றைக் கேட்கும். பாதிப்பேர் அத்தோடு விண்டோஸுக்கே திரும்பிவிடுவார்கள்.

அதனால்தான் பல திறமூல மென்பொருட்காரர்கள் வேண்டிய லைப்ரரிகளையும் சேர்த்தே மூட்டை கட்டித் தருகிறார்கள். ஆப்இமேஜ் கோப்புகள் இப்படித்தான். இறக்கு, சொடுக்கு, ஓடும். வசதிதான், யார் இல்லை என்றது?

ஆனால் பில் பிறகுதான் வருகிறது. கோப்புகளைச் சுருக்கும் ஸெட்லிப் லைப்ரரியில் 2002 மார்ச்சில் ஒரு பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தது. கணினியில் பொதுவாக இருந்த ஸெட்லிப்பை மாற்றியது சுலபம். லினக்ஸ் கெர்னல், ஆர்சிங்க், சிவிஎஸ் என்று பலரும் தங்களுக்குள் தனிப்பிரதி வைத்திருந்தார்களே... ஒவ்வொன்றையும் தனித்தனியே சரிசெய்ய வேண்டியதாயிற்று.

பாடம் படித்தார்களா? 2023 செப்டம்பரில் வெப்பி படங்களைக் காட்டும் லிப்வெப்பியில் அதே கதை. குரோம், பயர்பாக்ஸ், எலக்ட்ரானில் எழுதிய எத்தனையோ செயலிகள், ஒவ்வொன்றுக்கும் தனிப் புதுப்பிப்பு!

பெரிய நிறுவனங்கள் ஒன்றிரண்டு நாளில் புதுப்பித்துவிடும். ஓய்வு நேரத்தில் இரண்டு பேர் எழுதி, பிறகு கைவிட்ட மென்பொருளை யார் புதுப்பிப்பது? அதற்குள்ளிருக்கும் ஓட்டை, பயனருக்குத் தெரியாமலே அவர் கணினியில் குடியிருக்கும்.

வணிகவியலில் இரட்டைப் பதிவு முறை என்று ஒன்று உண்டு. வரவை மட்டும் எழுதிவிட்டுக் கொடுக்கவேண்டியதை எழுதாமல் விட்டால் கணக்கு நேராகாது. லைப்ரரியைச் சேர்த்துக் கட்டுவதும் அப்படியே. பயனருக்குக் கிடைத்த வசதி ஒரு பக்கம் என்றால், அதைக் காலாகாலத்தில் புதுப்பிக்கும் கடன் மறுபக்கம்.

அதற்காக மூட்டையே கூடாது என்பதும் நியாயமில்லை. பொது லைப்ரரியின் பதிப்பு மாறியதால் நன்றாக ஓடிய மென்பொருள் நின்றுபோவதும் நடக்கிறதே. கட்டுகிறவர்கள் மூன்று காரியம் செய்தால் போதும். உள்ளே என்னென்ன லைப்ரரி, எந்தப் பதிப்பு என்று வெளியீட்டிலேயே பட்டியல் தரவேண்டும். கணினியில் ஏற்கனவே உள்ளதைப் பயன்படுத்தவும் மூலநிரலில் வழி விடவேண்டும். ஓட்டை தெரிந்தால் உடனே புது வெளியீடு தரவேண்டும்.

மூன்றாவது முடியாதென்றால் மூட்டை கட்டாமல் இருப்பதே நேர்மை. அந்த வேலையை டெபியன் போன்ற வழங்கல்களிடம் விட்டுவிடலாம், அங்கே அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள்.

அதுவரை உங்கள் கணினியில் ஸெட்லிப் எத்தனை பிரதி இருக்கிறதென்று சும்மா தேடித்தான் பாருங்களேன்!