முதலீட்டாளரிடம் நம்மை அறிமுகப்படுத்துவது எப்படி?

நம் பிள்ளைகளில் பலர் இன்று ஸ்டார்ட்அப் தொடங்க விரும்புகின்றனர். முதலீட்டாளரைச் சந்திக்கும் முன் பொருளைப் பற்றியும் சந்தையைப் பற்றியும் நாள் கணக்கில் தயாராகின்றனர். தம்மையும் தம் கூட்டாளிகளையும் பற்றிச் சொல்வதற்கோ பட்டங்களின் பட்டியலே போதும் என எண்ணிவிடுகின்றனர். அது போதாது என்பதே என் கருத்து. தொடக்க நிலையில் வருமானமும் இல்லை, வாடிக்கையாளரும் இல்லை. பணம் தருபவர் எடைபோட ஆட்கள் மட்டுமே உள்ளனர்.

நம் மார்க்கத்தின் முளாரபா ஒப்பந்தத்தை எண்ணிப் பாருங்கள். ஒருவர் முதல் தருகிறார், மற்றவர் உழைக்கிறார். உழைப்பவரின் கவனக்குறைவோ ஒப்பந்த மீறலோ இன்றி நட்டம் ஏற்பட்டால் பண இழப்பு முழுவதும் முதல் தந்தவரையே சேரும். உழைத்தவருக்கு உழைப்பு வீண், அவ்வளவே. அப்படியானால் உழைப்பவர் யார் என்று அறிவது முதல் தருபவரின் உரிமை அல்லவா? கதீஜா (ரலி) அவர்கள் தம் வணிகச் சரக்கை நபி (ஸல்) அவர்களிடம் ஒப்படைத்து ஷாமுக்கு அனுப்பியதும் அவர்களின் நம்பகத்தன்மையைக் கேள்விப்பட்ட பின்னரே.

தன்னைப் பற்றிப் பேசுவது பெருமையாகிவிடுமோ என்று நம்மவர்களில் சிலர் கூச்சப்படுகின்றனர். யூசுஃப் (அலை) அவர்கள் எகிப்து மன்னரிடம் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது தம் தகுதிகள் இரண்டை வெளிப்படையாகவே சொன்னார்கள்: பாதுகாக்கும் திறன், அறிவு. அந்த வேலைக்கு வேண்டியவை அவைதாம். குலப்பெருமையை அங்கே எடுக்கவில்லை. மூஸா (அலை) அவர்கள் தம் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகக் கேட்டபோது, தம்மைவிட நாவன்மை மிக்கவர் என்பதையே காரணமாகக் கூறினார்கள். கூட்டாளியை அறிமுகப்படுத்தும்போதும் நம்மிடம் இல்லாத எது அவரிடம் உள்ளது என்பதையே சொல்ல வேண்டும்.

பெரிய பெயர்களைக் காட்டி மயக்குவதும் உண்டு. அமெரிக்காவின் தெரனோஸ் என்னும் இரத்தப் பரிசோதனை நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் முன்னாள் வெளியுறவு அமைச்சர்களான ஹென்றி கிஸ்ஸிங்கரும் ஜார்ஜ் ஷுல்ட்ஸும் இருந்தனர். இரத்தப் பரிசோதனைக்கும் அவர்களுக்கும் என்ன தொடர்பு? ஆயினும் 70 கோடி டாலருக்கு மேல் முதலீடு வந்து குவிந்தது. நிறுவனர் எலிசபெத் ஹோம்ஸ், முதலீட்டாளர்களை ஏமாற்றிய குற்றத்துக்காக 2022இல் சிறைத்தண்டனை பெற்றார்.

முதலீடு தேடும் இளைஞர்களே, சுருக்கமாகப் பேசுங்கள். யார் எந்த வேலையைச் செய்கிறார், யார் முழுநேரம் உழைக்கிறார், யார் இன்னும் வேறிடத்தில் சம்பளம் வாங்குகிறார், யாருக்கு எத்தனை பங்கு என்பதைச் சொல்லுங்கள். அவ்வப்போது ஆலோசனை மட்டும் சொல்லும் மாமாவைக் குழுவினர் வரிசையில் நிறுத்தாதீர்கள். கணக்கு வழக்குப் பார்க்க ஆளில்லையெனில், அவர் கேட்கும் முன்பே கூறிவிடுங்கள். அதற்குத் தக்க ஆளை முதலீட்டாளரே காட்டித் தருவதும் உண்டு.