வில்லோடு விமானம் ஏறலாமா?

சென்ற ஆண்டுப் பொதுக்குழுவில் ஒரு பெண்ணின் மனுவை நிராகரித்தோம். நிராகரிக்கக் கை தூக்கியவர்களில் அடியேனும் ஒருவன். இம்மாதம் கூடவிருக்கும் பொதுக்குழுவில் கல்வி நிதி விதியைத் திருத்தும் தீர்மானம் வருகிறது. அதை ஆதரித்து எழுத எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

கூட்டத்துக்கு வராதவர்களுக்காக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். டாட்டாநகர் ஸ்டேஷன் பக்கம் டிபன் கடை நடத்தும் நம் உறுப்பினர் ஒருவரின் மகள், பி.காம். படிப்பவள், வில்வித்தையில் நன்றாகத் தேறியிருக்கிறாள். ஐரோப்பாவில் ஒரு சர்வதேச ஃபீல்டு ஆர்ச்சரி போட்டியில் கலந்துகொள்ள அவளுக்கு இடம் கிடைத்தது. விமானக் கட்டணம், விசா, தங்குமிடம் எல்லாம் சொந்தச் செலவு. கல்வி நிதியிலிருந்து 80,000 ரூபாய் கேட்டார்கள். நன்கொடையாக அல்ல, கடனாக.

"இது ஒலிம்பிக்கில் உண்டா?" என்று ஒருவர் கேட்டார். கிடையாது. "இதை வைத்து வேலை கிடைக்குமா?" என்று கேட்டது நான். தகப்பனார் எழுந்து நின்று, "தெரியாது சார்" என்றார். அத்தோடு மனு முடிந்தது. பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது என்றும் ஒரு குரல் வந்தது. அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. அதே கூட்டத்தில் ஆண்டு விழா மேடை அலங்காரத்துக்கு 1,10,000 ரூபாய் ஒதுக்கினோம். அதை வைத்து யாருக்காவது வேலை கிடைக்குமா என்று நான் உட்பட யாரும் கேட்கவில்லை.

தாயாரின் வளையல்களை அடகு வைத்து அவள் போய்வந்தாள். பதக்கம் இல்லை, முதல் பத்துப் பேருக்குள்ளும் வரவில்லை. 'நாம் சொன்னது சரிதானே' என்கிற எண்ணத்தோடுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்தக் கடைக்கு இட்லி சாப்பிடப் போனேன். அவள் வந்து உட்கார்ந்து அங்கே நடந்ததைச் சொன்னாள். இரண்டு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நம் ஊரில் 1996 முதல் டாட்டா ஆர்ச்சரி அகாடமி இருக்கிறது. தீபிகா குமாரி பயின்ற இடம். ஆகவே வில்வித்தை நமக்குப் புதிதல்ல. ஆனால் நாம் பார்த்திருப்பதெல்லாம் சமதரை மைதானம், ஒலிம்பிக்கில் உள்ளதுபோல் 70 மீட்டரில் ஒரே இலக்கு. ஃபீல்டு ஆர்ச்சரி வேறு சமாசாரம். காட்டிலும் மலைச்சரிவிலும் பாதை போட்டு 24 இடங்களில் இலக்குகளை வைத்திருப்பார்கள். மூன்று நான்கு பேராகச் சேர்ந்து நடந்துபோய், ஒவ்வோர் இடத்திலும் ஆளுக்கு மூன்று அம்புகள் எய்ய வேண்டும். 3 நிமிடம் அவகாசம். நடு வட்டத்துக்கு 6 புள்ளி. 72 அம்புக்கு மொத்தம் 432. முதல் நாள் எந்த இலக்குக்கும் தூரம் எழுதியிருக்காது. கண்ணால்தான் கணிக்க வேண்டும். தூரம் அளக்கும் கருவி எதுவும் கூடாது. மற்றவர்களிடம் தூரத்தைப் பற்றி வாய் திறக்கவும் கூடாது. இலக்குத் தாள்களிலும் 20, 40, 60, 80 சென்டிமீட்டர் என்று நான்கு அளவுகள். பள்ளத்துக்கு அப்பால் இருக்கும் சின்னத் தாள் பக்கத்தில் இருந்தாலும் தொலைவில் இருப்பதாகத் தோன்றும். மறுநாள்தான் தூரம் எழுதிய இலக்குகள்.

அவள் போட்டியிட்டது 'பேர்போ' என்ற பிரிவில். வில்லில் குறிபார்க்கும் சாதனம் எதுவும் இருக்காது. நாண் கழற்றிய வில் 12.2 சென்டிமீட்டர் வளையத்துக்குள் நுழைகிறதா என்று சோதிப்பார்களாம். ரயில்வேக்காரனான எனக்குக் கேஜ் என்றால் தனிப் பிரியம். அந்த இடத்தில் இன்னொரு காபி சொன்னேன்.

சரிவில் ஒரு கணக்கு இருக்கிறது. 30 டிகிரி சரிவில் 40 மீட்டர் தள்ளி இலக்கு இருந்தால், அம்புக்கு அது ஏறக்குறைய 35 மீட்டர்தான். மேல்நோக்கி எய்தாலும் சரி, கீழ்நோக்கி எய்தாலும் சரி, 40 என்று நினைத்து விட்டால் அம்பு இலக்குக்கு மேலே போய்விடும். சர்வேயில் சரிவில் செயின் பிடித்தவர்களுக்கு இது தெரியும். அவளும் புத்தகத்தில் படித்திருந்தாள். ஆனால் முதல் நாள் நான்கு இலக்குகளில் அம்பு தலைக்கு மேலே பறந்து மண்மேட்டில் குத்தியது. "இங்கே சரிவில் எய்து பழகவே இல்லை அங்கிள்" என்றாள்.

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. டிப்ளமா முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களைக் கொத்தவலசை–கிரண்டுல் பாதைக்கு அனுப்பினார்கள். மலை, வளைவு, ஐம்பதுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள். பிறகு நான் வேலை பார்த்த இடங்கள் பெரும்பாலும் சமவெளி. ஆனாலும் அங்கே இரண்டு மாதம் நடந்ததில் வந்த கண், எந்தப் புத்தகத்திலும் வரவில்லை. தண்டவாளத்தில் முகத்தை வைத்துப் பார்த்தே எங்கே கால் அங்குலம் விலகியிருக்கிறது என்று சொல்லும் கேங் மேட்கள் இருந்தார்கள். அவர்களுக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது. அந்தப் பயிற்சிக்கான செலவை ரயில்வே கொடுத்தது. அதனால் உனக்கு என்ன லாபம் என்று என்னை யாரும் கேட்கவில்லை.

உலக ஃபீல்டு ஆர்ச்சரி போட்டி 2018-இல் இத்தாலியின் கோர்ட்டினா மலைப்பகுதியிலும், 2022-இல் அமெரிக்காவின் யாங்க்டனிலும், 2024-இல் கனடாவின் லக் லா பீஷிலும் நடந்தது. வில்லையும் அம்பையும் இறக்குமதி செய்யலாம், பயிற்சியாளரையும் வரவழைக்கலாம். அந்த மலையை வரவழைக்க முடியாது. போய் நின்று பார்த்தால்தான் உண்டு. இந்த விளையாட்டில் வெளிநாட்டுப் பயணத்தை நான் ஊர் சுற்றுவதாக நினைத்தது அறியாமை.

முதல் நாள் மாலை, இவள் குழுவில் எய்த ஓர் அம்மையார், என் வயதிருக்கும் போலிருக்கிறது, இவளைத் தங்குமிடத்துக்குப் பின்னால் அழைத்துப்போனாராம். ஒரு மரத்தைக் காட்டி எத்தனை மீட்டர் என்று கேட்பார், இவள் சொல்வாள், இருவரும் காலடியால் அளந்து பார்ப்பார்கள். இருட்டும்வரை இப்படியே. இருவருக்கும் பொதுவாகத் தெரிந்தது ஒன்று முதல் ஐம்பது வரையிலான ஆங்கில எண்கள்தான். இப்போது அவள் இங்கே பயிலும் ஆதிவாசிப் பெண்கள் ஆறு பேரை தல்மா மலையடிவாரத்துக்குக் கூட்டிப்போய் அதே மாதிரி மரம் காட்டிக் கேட்கிறாள். அளந்து சரிபார்க்க என் பழைய 30 மீட்டர் டேப் இப்போது அவர்களிடம்தான் இருக்கிறது.

பொருளாளர் கேட்பது நியாயம்: பணம் கட்டினால் யாரையும் கூட்டிப்போய்ப் பங்கேற்புச் சான்றிதழ் வாங்கித்தரும் சுற்றுலாக்காரர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு நம் நிதி போய்விடாதா? போகலாம். தேசியச் சங்கத்தின் அனுமதிக் கடிதம் இல்லாமல் தரவேண்டாம். கடனாகவே தருவோம், இரண்டு உறுப்பினர் ஜாமீன் கையெழுத்திடட்டும், டிக்கெட்டும் ரசீதும் ஒப்படைக்கட்டும். ஆனால் பதக்கம் உறுதியா, வேலை உறுதியா என்ற கேள்வி மட்டும் படிவத்தில் வேண்டாம். மருத்துவ நுழைவுத்தேர்வுப் பயிற்சிக்குக் கடன் கொடுக்கும்போது இடம் உறுதியா என்று நாம் கேட்பதில்லை.

வளையல்கள் இன்னும் அடகில்தான் இருக்கின்றன; மாதாமாதம் வட்டி போகிறது. புதிய விதி சென்ற ஆண்டு ஏப்ரல் முதல் அமலுக்கு வந்ததாகக் கொள்ளவேண்டும் என்று தீர்மானத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி, செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.