எந்தக் கண்ணால் ஓட்டுவது?



ஒரு பொருளை எங்கே நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தே அது நமக்குத் தோற்றமளிக்கிறது. செஞ்சியில் வாழ்வோர்க்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை. ஏறத்தாழ 800 அடி உயரமுள்ள இராஜகிரியின் உச்சியில் நின்று, திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் பேருந்தை நோக்குங்கள். எறும்பு ஊர்வது போல் அது ஊர்ந்து செல்லும். அதே பேருந்து சாலையோரம் நிற்கும் நம்மைக் கடக்கும்போதோ, தோளில் கிடக்கும் துண்டும் பறந்துவிடும். வேகம் ஒன்றே, கண் இருக்கும் இடம்தான் வேறு.

இந்த எளிய உண்மையை இம்மாதம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் நம் பிள்ளைகளே. விடுமுறை வந்துவிட்டால் திண்ணைதோறும் கைப்பேசியில் கார்ப் பந்தயம் நடைபெறுகிறது. காரைப் பின்னாலிருந்து பார்த்து ஓட்டுவது சிறந்ததா, ஓட்டுநரின் ஆசனத்திலிருந்து பார்த்து ஓட்டுவது சிறந்ததா என்பது அவர்களிடையே தீராத வழக்கு. பெரியவர்கள் இதனைச் சிறுபிள்ளைச் சண்டை என்று ஒதுக்கிவிடலாகாது. இதில் கற்க வேண்டியதும் உண்டு; கவலைப்பட வேண்டியதும் உண்டு.

இவ்வழக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டுப் பழமையுடையது. 1974இல் அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட ‘கிரான் டிராக் 10’ என்ற விளையாட்டில், பந்தயப் பாதை முழுவதும் மேலிருந்து பார்ப்பது போல் ஒரே திரையில் தெரிந்தது. 1976இல் அதே நிறுவனத்தின் ‘நைட் டிரைவர்’ ஓட்டுநரின் கண்ணையே நமக்கு அளித்தது. சாலையை முழுமையாக வரைந்து காட்டும் ஆற்றல் அன்றைய இயந்திரத்துக்கு இல்லை. ஆகவே இரவு நேரப் பயணம் என்று கூறி, சாலையோர வெண்கம்பங்களை மட்டும் காட்டினர். காரின் உருவமோ, திரைமேல் பொருத்திய ஒரு பிளாஸ்டிக் தகடு! 1982இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் கொணர்ந்த ‘போல் பொசிஷன்’ காரின் பின்புறத்தைக் காட்டிப் பெரும்புகழ் பெற்றது. 1992இல் சேகா நிறுவனம் ‘வெர்ச்சுவா ரேசிங்’ விளையாட்டில் நான்கு பொத்தான்களை வைத்து, விரும்பிய பார்வையை ஆடுவோரே தெரிந்துகொள்ளச் செய்தது. அன்றிலிருந்து தேர்வு நம் கைக்கு வந்தது.

இனி, ஒவ்வொரு பார்வையின் நிறைகுறைகளையும் காண்போம்.

பின்னாலிருந்து காணும் பார்வையில், காரின் அகலமும் பக்கத்தில் வருவோரின் இடைவெளியும் நன்கு புலப்படும். வால்பகுதி சறுக்குவதைக் கண்ணாலேயே காணலாம். புதிதாக ஆடுவோர்க்கு இதுவே எளிது. ஆயினும் நம் காரே முன்னுள்ள சாலையின் ஒரு பகுதியை மறைக்கிறது. கண் உயரத்தில் இருப்பதால் வேகமும் குறைவாகவே தோன்றும். பம்பரிலிருந்து காணும் பார்வையோ இதற்கு நேர்மாறானது. தரை கண்ணுக்கு மிக அருகில் விரைந்தோடும். சாலை முழுவதும் தெரியும். ஆனால் காரின் அகலம் தெரியாது. பானெட்டின் மேலிருந்து காண்பது இவ்விரண்டுக்கும் நடுவழி.

ஆசனத்திலிருந்து காண்பது உண்மைக்கு மிக அருகில் இருப்பதாகத் தோன்றும். ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் அகலமுள்ள கைப்பேசியை 40 சென்டிமீட்டர் தொலைவில் பிடித்தால், அது நம் பார்வையில் சுமார் 21 பாகை அளவையே அடைக்கிறது. மனிதரின் இரு கண்களும் சேர்ந்து காண்பதோ ஏறத்தாழ 180 பாகை. அகன்ற காட்சியைச் சிறு சாளரத்துக்குள் அடக்குவதால், தொலைவுகள் கூடியும் வேகம் மிகுந்தும் தோன்றுகின்றன. போதாக்குறைக்கு ஸ்டியரிங்கும் தூண்களும் பாதித் திரையைப் பிடித்துக்கொள்ளும். பெரிய திரையும் ஸ்டியரிங் கருவியும் உள்ளவர்க்கே இப்பார்வை முழுப்பயன் தரும்.

மற்றொரு சான்று கூறுவேன். பார்முலா ஒன் கார்களில் 2018 முதல் ‘ஹேலோ’ என்னும் பாதுகாப்பு வளையம் பொருத்தப்பட்டுள்ளது. அதன் நடுத்தூண் ஓட்டுநரின் முகத்துக்கு நேரே நிற்கிறது. அவ்வாறாயின் சாலை எங்ஙனம் தெரியும்? ஓட்டுநர் தொலைவை நோக்குகையில், ஒரு கண்ணுக்கு மறைந்ததை மறு கண் கண்டுகொள்கிறது. திரைக்கோ இரு கண்கள் இல்லை, ஒரே காமிராதான். ஆதலால் விளையாட்டில் அத்தூணை மறைத்துக்கொள்ள வசதி செய்துள்ளனர். உண்மையைப் போலவே காட்டுவது எப்போதும் உண்மையைக் காட்டுவதாகாது.

பிள்ளைகளுக்கு நான் கூறும் யோசனை இதுவே. புதிய பாதையை முதலில் பின்பார்வையில் ஓட்டி, வளைவுகளை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பின்னர் பானெட் அல்லது பம்பர் பார்வைக்கு மாறுங்கள். பிரேக் போட வேண்டிய இடத்தைக் கண் ஓர் அடையாளத்தைக் கொண்டு கற்கிறது. பார்வையை அடிக்கடி மாற்றினால் அந்த அடையாளம் குலைந்துவிடும். ஆகவே ஒன்றைத் தேர்ந்து சில நாட்களாவது அதிலேயே நில்லுங்கள். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள். கோட்டையின் அமைப்பை மேலிருந்து அறியலாம். ஆனால் மலையேறுபவன் அடுத்த படியைப் பார்த்தே காலை வைக்க வேண்டும்.

பெற்றோரே, கவலைக்குரிய பகுதி இனித்தான் வருகிறது. பின்பார்வையில் பழகிய சிறுவன், தன்னைச் சுற்றிலும் இருப்பதைத் தானே காணப் பழகியவன். அப்பாவின் மோட்டார் சைக்கிளில் ஏறியதும் அந்தப் பார்வை அற்றுப்போகிறது. தன் முதுகுக்குப் பின்னால் வரும் லாரியைக் கண்ணாடியில் பார்த்தாலன்றி அவன் அறியான். லாரி ஓட்டுநருக்கும், பக்கவாட்டில் ஒட்டிவரும் வண்டி பல வேளைகளில் தெரிவதில்லை. திரையில் மோதினால் ஒரு பொத்தானில் பந்தயம் மீண்டும் தொடங்கும். திருவண்ணாமலைச் சாலையில் அந்தப் பொத்தான் கிடையாது.

சட்டமும் இதனைக் கண்டிப்பாகவே நோக்குகிறது. கியர் உள்ள வண்டிக்கு 18 வயதும், 50 சி.சி.க்கு மேற்படாத கியரில்லா வண்டிக்கு 16 வயதும் நிரம்பியிருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றமிழைத்தால், பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளருக்கு 3 ஆண்டுகள் வரை சிறையும் ரூ.25,000 அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அச்சிறுவர் 25 வயது வரை உரிமம் பெற இயலாது.

வேகத்தில் நாட்டமுள்ள பிள்ளையைத் திட்டி அடக்குவதால் பயனில்லை. கோவையில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். வேகத்துக்கென்று கோவை செட்டிபாளையத்திலும் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலும் தனிப் பாதைகள் உள்ளன. அங்கே தலைக்கவசமும் பயிற்சியும் விதியும் உண்டு. ஊர்ச்சாலை அதற்குரிய இடமன்று என்பதை அன்போடு உணர்த்துங்கள்.

இன்று மாலை பிள்ளையின் அருகில் அமர்ந்து, “எந்தப் பார்வையில் ஓட்டுகிறாய்? ஏன்?” என்று கேளுங்கள். அவன் ஆர்வத்தோடு விளக்குவான். கேட்டு முடித்தபின் அவனை வாசலுக்கு அழைத்துச் சென்று, நிறுத்தியிருக்கும் வண்டியில் அமர்த்தி, கண்ணாடியில் எவ்வளவு தெரிகிறது, எவ்வளவு தெரியவில்லை என்பதை அவனையே சொல்லச் செய்யுங்கள். சாவி மட்டும் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.